கோபால்ட் நீலத்தில் ஒரு சிறுத்தை

(ஏலத்துக்கு வந்தவை – 7)

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறுகிறவர்கள் கையில் 2023-ல் தடி ஏறியது. அந்த ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமியைச் சிறுத்தை கொன்றது. பெற்றவர்கள் கண்ணெதிரே நடமாடிய குழந்தை. நெஞ்சு பதறாமல் அதை எழுத முடியவில்லை. தேவஸ்தானம் பக்தர்களுக்குத் தடி கொடுத்தது. பிற்பகலுக்குமேல் சிறுவர்கள் நடந்து செல்லவும் தடை போட்டது. அந்தப் படிகள் ஏறும் சேஷாசலம் சிறுத்தையின் காடு. நம் நாட்டுச் சிறுத்தை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கிலாந்தின் சாப்பாட்டு மேஜைக்குப் போயிருக்கிறது, நீல மையில் அச்சான படமாக.

ஸ்டோக்-ஆன்-ட்ரென்டின் ஸ்போட் நிறுவனம் 1810-களில் ‘இந்தியன் ஸ்போர்ட்டிங்’ என்ற நீல வெள்ளைத் தட்டு வரிசையைச் செய்தது. ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு வேட்டைக் காட்சி. சாப்பாட்டுத் தட்டில் கரடியின் சாவு. சூப் தட்டில் ஓநாய்த் துரத்தல். கறி பரிமாறும் பெரிய நீள்வட்டத் தட்டில், மரமேறிய சிறுத்தையைச் சுடும் காட்சி. மூலம், வங்காளத்தில் நெடுங்காலம் இருந்த கேப்டன் தாமஸ் வில்லியம்சன் 1805–07-ல் லண்டனில் வெளியிட்ட ‘ஓரியண்டல் ஃபீல்ட் ஸ்போர்ட்ஸ்’ நூல். படங்களைத் தீட்டிய சாமுவேல் ஹோவிட் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. வில்லியம்சனின் கோட்டோவியங்களே அவருக்கு ஆதாரம்.

செய்முறை அழகானது. செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, எண்ணெயில் குழைத்த கோபால்ட் மையைத் தேய்த்து, மெல்லிய தாளில் ஒற்றுவார்கள். ஒருமுறை சுட்ட தட்டின்மேல் தாளை அழுத்தித் தேய்த்து, நீரில் நனைத்து உரித்தால் படம் தட்டிலேயே தங்கிவிடும். பிறகு மெருகுப் பூச்சு, மறுபடி சூளை. அவ்வளவு சூட்டிலும் மாறாத நிறம் கோபால்ட். அதனால்தான் இந்தச் சரக்கு முழுக்க நீலமானது.

ஏலத்தில் இவற்றைப் பார்க்கிறவர்கள் முதலில் தட்டைக் கவிழ்க்க வேண்டும். அடியில் காட்சியின் பெயரும் ஸ்போட் முத்திரையும் நீலத்தில் அச்சாகியிருப்பது வழக்கம். ஓரத்தைக் கூர்ந்து பாருங்கள்: அச்சுத்தாளின் இரு முனைகள் சேர்ந்த இடத்தில் கோலம் சற்று விலகியிருக்கும். அது குறையல்ல, கைவேலையின் அடையாளம். விரல்முட்டியால் மெல்லத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல். செப்புத் தகடு தேயத் தேயப் படமும் மங்கும். ஓரம் சிறிது உடைந்திருந்தாலும் படம் துல்லியமான தட்டையே நான் எடுப்பேன். மங்கிய படத்தோடு முழுசாக இருக்கும் தட்டில் எனக்கு ஈர்ப்பில்லை. எட்வர்ட் சாலினர் பின்னாளில் இதே காட்சிகளை ‘ஓரியண்டல் ஸ்போர்ட்ஸ்’ என்று வெளியிட்டார். அதை ஸ்போட் விலைக்கு வாங்கிவிடாதீர்கள். ‘மூன்று தரம்’ சொன்னபின் ஏலக்கூடத்தின் கமிஷனும் விலையோடு சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அந்த வேட்டையை இன்று கொண்டாட முடியாது. 1972-ன் வனவிலங்குச் சட்டப்படி சிறுத்தையைக் கொல்வது குற்றம். ஆனால் தட்டு ஓர் ஆவணம். நம் காடும் நம் விலங்கும் அன்றைய இங்கிலாந்துக்கு எப்படிக் காட்டப்பட்டன என்பதை அது அப்படியே வைத்திருக்கிறது. வீட்டுப் பரணிலோ காரைக்குடிப் பழம்பொருள் கடையிலோ இத்தகைய தட்டு கண்ணில் பட்டால் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்காதீர்கள். முன்னும் பின்னும் படமெடுத்து வையுங்கள். வெளிநாட்டு உறவினருக்கும் கொடுத்தனுப்பாதீர்கள்: நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்புவதற்கு 1972-ன் தொல்பொருள் சட்டம் தடை விதித்திருக்கிறது.

(தொடரும்)