பக்கம் இருக்கிறது, கடிதம் எங்கே?

உவர்மலையில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: “வெப்சைட்டுத்தான் புதுசா வந்திட்டுதே. அதைச் செய்யேக்க ஆளுக்காள் அனுப்பின பழைய இமெயிலை ஏன் தம்பி கட்டிக் காக்கவேணும்?”

நியாயமான கேள்வி. அரச அலுவலகங்களில் பலர் மனதில் இருப்பதும் இதுதான். பதிலை எங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்தே தொடங்கலாம். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிவிட்டுப் போன 99 எண்ணெய்க் குதங்கள் எல்லோருக்கும் தெரியும். 1987 யூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் சரத்துகளில் இந்தக் குதங்களைத் தேடினால் கிடைக்காது. அன்றைய தினம் ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில்தான் அவை இருக்கின்றன. குதங்களைத் திருத்தி இயக்குவது இரு நாடுகளின் கூட்டு முயற்சியாக இருக்கும் என்றும், இந்தியாவின் நலனுக்குப் பாதகமாகத் திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டின் இராணுவத்துக்கும் கொடுப்பதில்லை என்றும் அக்கடிதங்கள் சொல்கின்றன. 2022 சனவரியில் குதங்களைப் பற்றிப் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானபோதும் பேச்சு அந்தக் கடிதங்களுக்கே திரும்பிப் போனது. கடிதம் தொலைந்திருந்தால் எதை வைத்துப் பேசியிருப்பார்கள்?

இணையத்தளமும் அப்படித்தான். முகப்பில் தெரிவது முடிவு. எந்தப் படிவத்தை முன்னுக்கு வைத்தார்கள், எந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள், தமிழ்ப் பக்கம் ஏன் ஆறு மாதம் பிந்தியது, யார் மறுத்தார், யார் கையொப்பம் வைத்தார் என்ற விவரமெல்லாம் அதைச் செய்த காலத்து மின்னஞ்சல்களில்தான் கிடக்கும். 2007 சனவரியில் வடக்கு-கிழக்கு மாகாணம் இரண்டாகப் பிரிந்தது. திருகோணமலை கிழக்கு மாகாண சபையின் தலைமையிடமாக நின்றது. கடிதத்தாளிலும் முத்திரையிலும் பெயர் மாறிய காலம் அது. அப்படியான ஒரு மாற்றத்தில் பழைய பக்கங்களில் எது புதிய தளத்துக்குப் போனது, எது கைவிடப்பட்டது என்று பின்னாளில் ஒரு மாணவி ஆராய வந்தால், பக்கத்தைப் பார்த்து அவளால் கண்டுபிடிக்க முடியாது.

தமிழுக்கு இதில் தனியான ஒரு சிக்கல் உண்டு. யுனிகோட் பரவுவதற்கு முன் இங்கே பெரும்பாலும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்தோம். பாமினியில் ‘திருகோணமலை’ என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும். ஆனால் கணினி உள்ளே வைத்திருப்பது ஜே, பி, பெரிய யு, பெரிய என், எஃப், எச், இசட், கே, ஐ, வை என்ற பத்து ஆங்கில எழுத்துகளை. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஊரின் பெயரே பொருளற்ற குவியலாகிவிடும். தேடுபொறிக்கும் அது ஊராகத் தெரியாது. இதற்குப் பயந்து தமிழை எழுத்தாக இடாமல் படமாக ஒட்டியவர்களும் உண்டு. இலங்கையில் தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 என்ற தரநிர்ணயம் 2008இல்தான் வந்தது. ஆகவே, பழைய தமிழ்ப் பக்கம் ஒன்று பத்திரமாக இருந்தாலும், எந்த எழுத்துருவில் செய்தார்கள், ஏன் அதை எடுத்தார்கள் என்று சொல்லும் ஒரு மின்னஞ்சல் கூடவே இருந்தால்தான் அதைச் சிரமமில்லாமல் வாசிக்கலாம்.

இப்படிப் பக்கத்தையும் மின்னஞ்சலையும் சேர்த்துக் காத்த இடமும் இருக்கிறது. அங்கேயும் வழக்குப் போட்டுத்தான் வந்தது. அமெரிக்க வெள்ளை மாளிகையின் முதல் இணையத்தளம் 1994 ஒக்டோபரில் திறந்தது. கிளின்டன் வீட்டுப் பூனை சொக்ஸின் ‘மியாவ்’ சத்தத்தைக்கூட அதில் கேட்கலாம். அந்த ஆட்சிக்காலத்து இணையத்தளத்தின் ஐந்து நிலைகளை அந்நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் பாதுகாத்திருக்கிறது. ஊழியர்களின் கோடிக்கணக்கான மின்னஞ்சல்களும் காக்கப்பட்டன. இதற்குக் காரணம் 1989 சனவரியில், ரீகன் ஆட்சியின் கடைசி நாட்களில், மின்னஞ்சல் நாடாக்களை அழிக்க விடாமல் தொடுத்த வழக்கு. தாளில் அச்சிட்டு வைத்தால் போதாதா என்று அரசு வாதாடியது. போதாது என்று 1993இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அச்சுத் தாளில் விஷயம் இருந்தது. அது யார் யாருக்குப் போனது, எப்போது கிடைத்தது என்பது விடுபட்டிருந்தது. தபால் முத்திரையைக் கிழித்துவிட்டுக் கடிதத்தை மட்டும் கோவையில் போடுவது போன்ற வேலை அது. முப்பது வருடம் கந்தோரில் இருந்தவருக்கு அதன் பாரதூரத்தை விளக்கத் தேவையில்லை.

இனி எங்கள் நாட்டுக் கதை. 2023 ஓகஸ்டில் லங்கா அரச முகில் வலையமைப்பை ரான்சம்வெயார் என்ற பணம் பறிக்கும் தீம்பொருள் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயேவிட்டன. மைக்ரோசொப்டின் 2013ஆம் ஆண்டுப் பழைய மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்த சேவை அது. அந்த மூன்று மாதத்துக்கும் வலையமைப்புக்கு வெளியே ஒரு பேக்கப் இருக்கவில்லை. ஒரு அரசின் மூன்று மாத யோசனை, மறுப்பு, அனுமதி எல்லாம் அழிந்தது. இதைப் பற்றி நாங்கள் போதுமான அளவு கோபப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் பலவீனமானதல்ல. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ‘தகவல்’ என்பதற்குள் மின்னஞ்சலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. புதிதாக உருவாகும் பதிவுகளைக் குறைந்தது 12 ஆண்டுகளும், சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கையிலிருந்தவற்றைக் குறைந்தது 10 ஆண்டுகளும் வைத்திருக்கவேண்டும் என்கிறது. தகவல் கோரும் உரிமை 2017 பெப்ரவரியில் தொடங்கியது. அங்கிருந்து எண்ணினால் பழைய பதிவுகளுக்கான பத்தாண்டு 2027 பெப்ரவரியில் நிறைவடையும். முதல் முதல் தமிழ்ப் பக்கங்கள் உருவான காலத்து மின்னஞ்சல்கள் எங்காவது மிஞ்சியிருந்தால், அவற்றைத் தேடி எடுத்துத் தேசிய சுவடிகள் கூடத்தில் சேர்க்கவேண்டிய வேளை இது.

அதற்குப் பெரிய ஆளாக இருக்கத் தேவையில்லை. பிரதேச செயலகமோ மாகாணத் திணைக்களமோ, அங்கே ஒரு தகவல் அலுவலர் இருப்பார். அவரிடம் எழுத்தில் கேளுங்கள்: உங்கள் இணையத்தளம் முதலில் எப்போது உருவானது, எப்போது மாற்றப்பட்டது, அது சம்பந்தமான மின்னஞ்சல்கள் எங்கே வைக்கப்பட்டுள்ளன, பேக்கப் உண்டா? கடிதம் பெற்றதற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள். தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்லியாகவேண்டும்.