தந்தைக்குப் பெரிய எழுத்து உண்டா?

சென்ற மாதம் தில்லியில் நண்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ஆறாம் வகுப்பில் பயிலும் அவருடைய மகள் தன் ஆங்கிலக் கட்டுரை ஏட்டைக் கொணர்ந்து காட்டினாள். 'மை ஃபாதர்' என்று எழுதியவள், 'ஃபாதர்' என்பதைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தாள். ஆசிரியை அதனைச் சிவப்பு மையால் அடித்துச் சிறிய எழுத்தாக்கியிருந்தார்.

"அப்பாவுக்கு மரியாதை கொடுத்தது தவறா, மாமா?" என்றாள் சிறுமி. நண்பருக்கும் சற்றே மனத்தாங்கல்.

சிறுமியைக் குறை கூற இயலாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேற்றுமை தமிழில் இல்லை. இங்கு அவள் பயிலும் இந்தியிலும் இல்லை. நாம் மதிப்பைச் சொல்லின் ஈற்றில் வைத்து, 'தந்தையார் வந்தார்' என்கிறோம். அந்த 'ஆர்' விகுதியின் பணியை ஆங்கிலத்தில் பெரிய எழுத்து செய்வதாக அவள் எண்ணிவிட்டாள். உண்மையில் அது மரியாதைக் குறி அன்று. அடையாளக் குறியே ஆகும்.

வாக்கியத்தின் தொடக்கத்திற்கு அது ஓர் அடையாளம். சிறப்புப் பெயருக்கும் அடையாளம். 'ரிவர்' என்பது எல்லா ஆறுகளுக்கும் பொதுப்பெயர். ஆதலின் சிறிய எழுத்து. 'யமுனா ரிவர்' என்றால் இரு சொற்களுக்கும் பெரிய எழுத்து. 'மை', 'யுவர்' என்பன முன்வரும்போது 'ஃபாதர்' உறவைச் சுட்டும் பொதுப்பெயர். தந்தையையே 'ஃபாதர்' என்று விளித்தால், அது பெயராகவே நிற்பதால் பெரிய எழுத்துப் பெறும்.

கிழமைகளுக்கும் மாதங்களுக்கும் பெரிய எழுத்து உண்டு, பருவங்களுக்கு இல்லை. பாடங்களுள் மொழிப் பெயர்களுக்கு உண்டு, கணிதத்திற்கு இல்லை. 'மார்ச்' பெரிய எழுத்தில் மாதம். சிறிய எழுத்தில் அணிவகுத்து நடத்தல். ஆகவே, எழுத்து மாறினால் பொருளும் மாறும்.

இவ்விதிகள் என்றும் மாறாதவை அல்ல. 1787-இல் எழுதப்பெற்ற அமெரிக்க அரசியலமைப்பின் மூலப்படியில் பொதுப்பெயர்கள் பலவும் பெரிய எழுத்திலேயே தொடங்குகின்றன. ஜெர்மன் மொழியில் இன்றும் பெயர்ச்சொற்கள் யாவும் அவ்வாறே. அம்மொழியில் 'தாங்கள்' எனப் பொருள்படும் 'ஸீ' பெரிய எழுத்துப் பெறும். 'நான்' என்பதற்கு அச்சிறப்பு இல்லை. ஆங்கிலத்திலோ 'நான்' எனும் 'ஐ' எங்கு வரினும் பெரிய எழுத்தே. இதனைச் செருக்கு என்று நகைப்போரும் உளர். தனித்து நிற்கும் சிறிய எழுத்து கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதே அதற்குப் பெரிதும் கூறப்படும் காரணம்.

இவற்றையெல்லாம் கேட்டபின்னும் சிறுமியின் முகம் தெளியவில்லை. ஏட்டின் மேலட்டையை அவளுக்குக் காட்டினேன். அங்கே அவள் பெயருக்கு முன்னே, நம் வழக்கப்படி, தந்தை பெயரின் முதலெழுத்து பெரிய எழுத்தாக நின்றது.

"இதை எந்த ஆசிரியையும் அடிக்கமாட்டார், அம்மா," என்றேன்.

நண்பர் முறுவலித்தார்.