பட்டம் வென்றாலும் உரிமம் வேண்டும்: ஐ-லீக் எப்படி இயங்குகிறது?

பல்லடத்திலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், கோவை நேரு ஸ்டேடியம் போய்ச்சேர. 2019 மார்ச் 9 அன்று ஐ-லீக் கால்பந்துப் பட்டம் முதன்முறையாகத் தமிழ்நாட்டு அணி ஒன்றின் கைக்கு வந்தது அங்கேதான். கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபிடம் முதல் கோலை வாங்கிய சென்னை சிட்டி, பிறகு 3-1 என வென்றது. அதில் இரண்டு கோல் கௌரவ் போரா அடித்தவை. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, இரண்டாமிடம் பிடித்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஆனால் 2021-22 பருவத்தில் அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை. காரணம், கிளப் உரிமம் கிடைக்காததுதான்.

தேசிய அளவில் ஆண்கள் கால்பந்து நான்கு அடுக்காக அமைந்தது 2023இல். உச்சியில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்). அதன் கீழே ஐ-லீக், ஐ-லீக் 2, ஐ-லீக் 3. இவற்றுக்கும் கீழே மாநில லீக்குகள். முன்னணியில் முடிக்கும் அணிகள் மேலே ஏறும். ஐ-லீக்கிலும் ஐ-லீக் 2இலும் கடைசி இடங்களில் நிற்பவை இறங்கும். 2022-23இல் ஐ-லீக்கை வென்று ஐஎஸ்எல்லுக்கு ஏறிய முதல் அணி பஞ்சாப். 2022இல் தொடங்கிய வங்காளத்தின் டைமண்ட் ஹார்பர், ஐ-லீக் 3, ஐ-லீக் 2 இரண்டையும் அடுத்தடுத்து வென்று 2025இல் ஐ-லீக்கை எட்டியது.

ஆனால் புள்ளிப் பட்டியல் பாதிக் கணக்குதான். இளையோர் அணி, மைதானம், நிர்வாகம், சட்ட ஆவணங்கள், நிதிநிலை என ஐந்து வகை நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் உரிமம் கிடைக்கும். சென்னை சிட்டி தவறியது இந்த இடத்தில்தான்.

கீழ் அடுக்குகளில் ஒளிபரப்பு வருமானம் சொற்பம். பயணம், தங்கும் செலவு, சம்பளம் எல்லாம் பெரும்பாலும் உரிமையாளரின் பையிலிருந்தே வர வேண்டும். ஒரே ஆளிடம் பாவு நூல் வாங்கி ஓட்டும் கூலித்தறியின் நிலை என்னவென்று பல்லடத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொடுப்பவர் நிறுத்தினால் தறியும் நிற்கும்.

கொங்கு மண்டலத்தில் இன்னொரு அணியைக் கட்ட நினைப்பவர்கள், வெளிநாட்டு ஆட்டக்காரரைத் தேடுவதற்கு முன் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு ஓர் அணியும், ஆண்டு முழுவதும் நடக்கும் மாவட்ட லீக்கும், செலவைப் பகிர்ந்துகொள்ளப் பல நிறுவனங்களும் தேட வேண்டும். கோவையில் கோப்பையை வெல்ல முடியும் என்பது 2019இலேயே நிரூபணமாகிவிட்டது. அணியை நிலைக்க வைப்பதுதான் இனி செய்ய வேண்டிய வேலை.