சீன மரக்கட்டடக் கலையும் இன்றைய நகரமும்: மரபு யாருடையது?

மரபு என்னும் சொல் கலை இலக்கிய விவாதங்களிலே தோற்றுவிக்கும் மயக்கங்களைக் கட்டடக்கலைத் துறையிலும் காணலாம். சீனப் பெருநகரங்களில் அண்மைத் தசாப்தங்களில் எழுந்த பொதுக் கட்டடங்கள், ஹோட்டல்கள், கடைத்தெருக்கள் பலவற்றில் வளைந்த கூரையும், அதனைத் தாங்குவன போலத் தோன்றும் அடுக்கு உறுப்புகளும் இடம்பெறுகின்றன. இவை மரபின் மீட்சியாகப் போற்றப்படுகின்றன. மீட்கப்படுவது எது, அது யாருக்குரியது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

முதற்கண் அம்மரபின் இயல்பினைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். சீன மரக்கட்டடத்திற் பொதுவாகச் சுவர் பாரந் தாங்குவதில்லை. தூண்களும் உத்தரங்களும் இணைந்த மரச்சட்டகமே கூரையின் பாரத்தை நிலத்துக்குக் கடத்துகின்றது. மரங்கள் பெரும்பாலும் ஆணியின்றி, துளையிற் கழுந்து புகுத்தி இணைக்கப்படுகின்றன. தூணின் தலைக்கும் கூரைக்கும் இடையில் அமையும் தொகுதி தோகொங் எனப்படும். எமது கோயிற் சிற்பிகள் போதிகை என வழங்கும் உறுப்பினை இஃது ஓரளவு ஒத்தது. எனினும் ஒற்றைத் துண்டன்று, சிறு கட்டைகளும் நீண்ட கைகளும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்டது. வெளியே நீளும் இறவாரத்தை அது தாங்க, இறவாரம் மழையிலிருந்து மரத்தையும் மண்சுவரையும் காக்கின்றது. நிலம் அதிரும்போது பொருத்துகள் சற்றே அசைந்து அதிர்ச்சியைத் தணிக்கின்றன. ஷான்சி மாகாணத்து யிங்சியனில் 1056 இல் எழுப்பப்பட்ட, ஏறத்தாழ 67 மீற்றர் உயரமான மரக்கோபுரம் பல நிலநடுக்கங்களைக் கண்டும் நிலைத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இவ்வமைப்பின் சமூக அடிப்படையை விளங்கிக்கொள்வதற்குச் சொங் அரசு காலத்து நூலொன்று பெரிதுந் துணைபுரிகின்றது. அரச கட்டட அதிகாரியான லி ஜியே தொகுத்து 1103 இல் அச்சேறிய யிங்சாவ் பாஷி என்பதே அது. அழகியல் நூலெனக் கருதி அதனை அணுகுவோர் ஏமாற்றமடைவர். அரச வேலைகளில் நிகழ்ந்த வீண்செலவையும் மோசடியையும் கட்டுப்படுத்தும் நோக்குடனேயே அது எழுந்தது. எவ்வேலைக்கு எத்தனை ஆள்நாள், எவ்வளவு பொருள் என அது வரையறுக்கின்றது. பகல் நீளும் கோடைக்கும் பகல் குறுகும் மாரிக்கும் வெவ்வேறு வேலையளவு விதிக்கின்றது. அடிப்படை மரத்தின் குறுக்குவெட்டினை 8 தரங்களாக வகுத்து, எல்லாத் தரத்திற்கும் உயரம் 15 கூறு, அகலம் 10 கூறு என்னும் ஒரே விகிதத்தை வைக்கின்றது. கட்டடத்தின் தரம் முடிவானதும் ஏனைய உறுப்புகளின் அளவுகள் அதிலிருந்தே பெறப்படும். ஆகவே உறுப்புகளைத் தனித்தனியே செதுக்கிப் பின்னர் ஓரிடத்திற் கொணர்ந்து பொருத்தவும், பழுதுற்றதைக் கழற்றி மாற்றவும் முடிந்தது.

இந்நூலிலுள்ள 3555 விதிகளுள் 3272 விதிகள் தொழிலாளரிடையே வழிவழி வழங்கிவந்த நடைமுறைகள் என்றும், எஞ்சிய 283 மட்டுமே பழைய நூல்களிலிருந்து பெறப்பட்டவை என்றும் லி ஜியே தாமே குறிப்பிடுகின்றார். பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்டது பெயர் அறியப்படாத தொழிலாளரின் அறிவு. அவ்வறிவை எழுத்தில் வாங்கிய அரசு, அதனையே அவர்தம் உழைப்பை அளக்குங் கோலாகவும் மாற்றியது.

வடிவத்தின் பயன்பாட்டிலும் வர்க்க எல்லைகள் இருந்தன. மிங் அரசு (1368–1644) பொதுமக்களின் வீடுகளை மூன்று தூணிடைகளுக்குள் மட்டுப்படுத்தியதோடு, தோகொங்கையும் வண்ணப்பூச்சையும் அவற்றிற்கு மறுத்தது. கழுந்தும் துளையும் குடியானவனின் வீட்டிலும் இருந்தன. அடுக்குப் போதிகையோ அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரியதாயிருந்தது. தேசிய வடிவம் எனப் பின்னர் பேசப்பட்டது பெருமளவு இரண்டாவதையே.

இவ்விடத்தில் லியாங் ஸெச்செங் (1901–1972) முக்கியத்துவம் பெறுகின்றார். அவரும் மனைவியார் லின் ஹுவேயினும் 1937 இல் ஷான்சியின் பொகுவாங் கோயில் மண்டபத்தை ஆராய்ந்து, அது 857 ஆம் ஆண்டுக்குரியதென நிறுவினர். தாங் காலத்து உறுப்புகள் பாரந் தாங்கிய நேர்மையை வியந்த அவர், பிற்காலத்தில் அவை சிறுத்து அலங்காரமானமையைத் தளர்ச்சி என மதிப்பிட்டார். ஆயினும் 1950களின் முற்பகுதியில் சோவியத் செல்வாக்குடன் வந்த தேசிய வடிவம் என்னும் கோஷத்திற்கு அவர் கோட்பாட்டு ஆதரவளித்தபோது, கொங்கிறீற்றுக் கட்டடங்களின் தலையிற் பெருங்கூரைகள் ஏறின. 1955 இல் இவை வீண்செலவென்று கண்டிக்கப்பட்டன; லியாங் தனிப்பட்ட தாக்குதலுக்கும் உள்ளானார். வறிய நாடொன்றில் செலவு பற்றிய கண்டனம் நியாயமானதே. ஆனால் கூரையைக் கண்டித்தவர்களும் அதனை ஆதரித்தவர்களைப் போலவே மரபினைக் கூரையாகவே கண்டனர். தச்சரின் அளவுமுறையும் வேலை ஒழுங்கும் இரு சாராரின் கவனத்தையும் போதியளவு பெறவில்லை.

1990களில் பீஜிங் நகர நிர்வாகம் பழந்தலைநகரின் தோற்றத்தை மீட்கவேண்டும் என வற்புறுத்தியது. 1996 இல் திறக்கப்பட்ட பீஜிங் மேற்குப் புகையிரத நிலையத்தின் பெருவாயில்மேற் கூரை மண்டபமொன்று வீற்றிருப்பது அதன் விளைவே. அதே ஆண்டுகளில் ஹூதொங் எனப்படும் ஒடுங்கிய தெருக்களின் முற்றவீடுகள், உண்மையான மரச்சட்டக வீடுகள், பெருந்தொகையாக இடிக்கப்பட்டன. அவற்றிலே நெருக்கமாக வாழ்ந்த உழைக்கும் குடும்பங்கள் பல நகரின் புறத்தே குடியேற்றப்பட்டன. நிலத்தின் விலை ஏறியபோது மரவீடு தடையாயிற்று, மரவீட்டின் தோற்றம் விற்பனைக்குரிய பண்டமாயிற்று. 2010 இன் ஷங்காய் உலகக் கண்காட்சியிற் சீன மண்டபம் முழுவதுமே ஒரு பெரிய தோகொங்காக உருவமைக்கப்பட்டது. ஹே ஜிங்தாங் வடிவமைத்த அக்கட்டடத்தைத் தாங்குவன நான்கு கொங்கிறீற்றுத் தண்டுகளே. உருவத்தின் கம்பீரத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே போதிகை எதனையும் தாங்கவில்லை. அது போதிகையின் சிலை.

மரத்தட்டுப்பாடும் இங்கு கருதத்தக்கது. 1998 இன் யாங்ஸி வெள்ளப்பெருக்கின் பின் இயற்கைக் காடுகளில் மரந்தறித்தல் கட்டுப்படுத்தப்பட்டது. பெருமரத் தூண்களை நகரெங்கும் நிறுத்துவது இனி இயலாது. மெல்லிய பலகைகளைப் பசையிட்டு அடுக்கி ஒட்டிய மரமே இன்று மாற்றாக முன்வைக்கப்படுகின்றது. பல மாடி மரக்கட்டடங்களுக்கான தேசிய நியமமொன்று 2017 இல் வகுக்கப்பட்டது. உறுப்புகளை முன்னரே வெட்டிக் களத்திற் பொருத்தும் இம்முறை லி ஜியேயின் ஒழுங்குக்குக் கொங்கிறீற்றுக் கூரைகளைவிட நெருங்கியது. ஹங்சௌவில் வாங் ஷு கட்டிய கலைக்கழக வளாகத்தில், இடித்த வீடுகளின் பழைய ஓடுகளும் கைவினைஞரின் களத் தீர்மானங்களும் இடம்பெற்றமையும் ஈண்டு நினைக்கத்தக்கது. 2012 இல் அவருக்குப் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

மரச்சட்டகக் கட்டடக் கைவினையை 2009 இல் யுனெஸ்கோ தனது பட்டியலிற் சேர்த்தது. அக்கைவினையோ பல்லாண்டுப் பயிற்சியை வேண்டுவது. புனரமைப்பு வேலைகள் உள்ளவரைதான் அதற்கு ஊதியமும் உண்டு. புதிய மரக்கட்டடங்களுக்கான பொருத்துகளைத் தொழிற்சாலைகளிற் கணினி இயக்கும் இயந்திரங்கள் வெட்டுகின்றன. அவ்வியந்திரங்களுக்கு அளவு சொல்பவர் யார், தச்சரின் பிள்ளைகள் அத்தொழிற்சாலைகளில் எந்த இடத்தில் நிற்கின்றனர் என்பன கூரையின் வளைவைக் காட்டிலும் முதன்மையான ஆய்வுப் பொருள்களாகும்.