எஞ்சினைத் தூக்குமுன் அளவுகோலை எடுங்கள்

பிரிட்டனின் ஆபிங்டன் ஆலையில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி., 5 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியான ஸ்போர்ட்ஸ் கார். அவற்றில் பல இன்றும் ஓடுவதற்கு முக்கியக் காரணம், கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டிலேயே பழுதுபார்த்துவிடலாம் என்பதுதான். கிளட்ச் மட்டும் இதற்கு விதிவிலக்கு. கிளட்ச் பிளேட்டைத் தொட வேண்டுமென்றால் எஞ்சினை வெளியே தூக்கியாக வேண்டும். கியர்பாக்ஸை மட்டும் கீழே இறக்கி வேலையை முடிக்க வழியில்லை. எனவே, பெடலை மிதித்தும் கியர் விழாமல் கரகரக்கும்போது, ‘பிளேட் போய்விட்டது’ என்று அவசரப்பட்டுச் சொல்லும் தீர்ப்புக்கு விலை அதிகம். அந்தத் தீர்ப்பு பல சமயம் தவறாகவும் இருக்கிறது.

ஏன் தவறு என்பதற்கு நோயின் அறிகுறியே சாட்சி. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் கிளட்ச் வழுக்கும்: ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் இரையும், வண்டியோ வேகம் எடுக்காது. கியர் விழாமல் முரண்டு பிடிப்பது இதற்கு நேர் எதிரான கோளாறு. அங்கே பிளேட் ஃபிளைவீலை விட்டு முழுமையாகப் பிரியவில்லை. சின்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு) இல்லாத ரிவர்ஸ் கியர்தான் இதை முதலில் காட்டிக்கொடுக்கும். 1967 வரை வந்த வண்டிகளில் முதல் கியருக்கும் சின்க்ரோ கிடையாது. போதாக்குறைக்கு, இந்த வண்டியில் கிளட்ச்சை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பு தேய்மானத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும். பிளேட் தேயத் தேய, அந்த அமைப்பின் கீழ்முனையிலுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் அதற்கேற்பப் பின்வாங்கிக்கொள்ளும். ஆகவே வெறும் தேய்மானத்தால் கிளட்ச் ‘பிரியாமல்’ போவதில்லை. பிரியவில்லை என்றால், காலின் அழுத்தம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முழுதாகப் போய்ச் சேரவில்லையா என்பதுதான் முதல் கேள்வி.

அந்த அழுத்தம் போகும் பாதை சிறியது. பெடல் ஒரு தண்டைத் தள்ளுகிறது. அது மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை அமுக்குகிறது. ஆயில் குழாய் வழியாகவும் ரப்பர் ஹோஸ் வழியாகவும் கீழே இறங்கி, கியர்பாக்ஸ் கூட்டின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரை அடைகிறது. அதன் தண்டு, கிளட்ச்சைப் பிரிக்கும் ஃபோர்க்கைத் தள்ளுகிறது. இந்தக் கடைசித் தண்டு கியர்பாக்ஸ் கூட்டுக்கு வெளியிலேயே இருப்பது பெரிய வரம். வண்டியை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, ஒருவர் பெடலை அடிவரை மிதிக்க, இன்னொருவர் கீழிருந்து அந்தத் தண்டு எவ்வளவு நகர்கிறது என்று அளந்தால் போதும். நல்ல நிலையில் உள்ள எம்.ஜி.பி.யில் அது சுமார் அரை அங்குலம், அதாவது 12 முதல் 13 மி.மீ. நகர வேண்டும். குறைந்தால் கோளாறு வெளியே. நிறைவாக இருந்தால் உள்ளே. எஞ்சினைத் தூக்குவதா வேண்டாமா என்பதை இந்த ஓர் அளவு சொல்லிவிடுகிறது.

‘ஆயில் எங்கும் ஒழுகவில்லையே, பிறகு ஹைட்ராலிக்கில் என்ன கோளாறு இருக்க முடியும்?’ என்பது வழக்கமான மறுப்பு. ஒழுகாமலும் மாஸ்டர் சிலிண்டர் செயலிழக்கும். உள்ளே ரப்பர் சீல் தேய்ந்திருந்தால், அழுத்தப்பட்ட ஆயில் சீலைத் தாண்டிப் பின்னால் நழுவிவிடும். மாஸ்டரின் தொட்டியில் ஆயில் அளவு குறையாது, தரையில் ஒரு சொட்டும் விழாது. பெடலை மிதித்தபடியே வைத்திருக்கும்போது, கீழே தண்டு மெல்லத் திரும்பி வருவது இதற்கு அடையாளம். அடுத்தடுத்து மிதித்தால் நிலைமை தேறுகிறது என்றால் குழாயில் காற்று சேர்ந்திருக்கலாம். மிதிக்கும்போது ஹோஸைக் கையால் பிடித்துப் பார்த்து, அது உப்பினால் ஹோஸை மாற்ற வேண்டும். ஸ்லேவின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்து, உள்ளே ஈரமும் கறுப்புக் கசடும் இருந்தால் அதன் சீல் முடிந்தது. ஹைட்ராலிக்கே சம்பந்தப்படாத குற்றவாளி ஒன்றும் உண்டு: பெடலையும் மாஸ்டரின் தண்டையும் இணைக்கும் சிறு பின். அதுவும், அது நுழையும் துளையும் தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டால், பெடல் நகர்வின் முதல் பகுதி எதையும் தள்ளாமலே வீணாகிறது. ஓட்டுநரின் காலடியில் டார்ச் அடித்துப் பார்த்தாலே தெரியும் பழுது இது.

அளவு சரியாக இருந்தும் கியர் விழவில்லை என்றால்? அப்போது இந்தச் சோதனை தோற்றதாக ஆகாது; கோளாறு உள்ளே என்று அது சொல்லிவிட்டது. நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியில் பிளேட் துருப்பிடித்து ஃபிளைவீலோடு ஒட்டியிருக்கலாம், ஃபோர்க் வளைந்திருக்கலாம், பிரஷர் பிளேட் உடைந்திருக்கலாம். இந்த வண்டியின் ரிலீஸ் பேரிங் உருளைகளால் ஆனதல்ல, கிராஃபைட் வளையம். அது முழுதும் தேய்ந்தால் பெடலை மிதிக்கும்போது உலோகம் உரசும் சத்தம் கேட்கும். இந்த நிலையில் எஞ்சினைத் தூக்குவது நியாயமான செலவு. தூக்கிய பிறகு பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் ஒருசேர மாற்றுவதும் நியாயமே.

‘அரை நூற்றாண்டு பழைய வண்டி, எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிட்டால் சோதனையே வேண்டாமே’ என்ற வாதம் இன்னும் வலுவானது. அதில் பாதி உண்மை. மாஸ்டர் மட்டும் புதிதாகி முழு அழுத்தம் திரும்பினால், பழைய ஸ்லேவின் சீல் விரைவில் கைவிடக்கூடும். அந்த இரண்டையும் ஹோஸோடு சேர்த்து மாற்றுவது விவேகம். ஆனால் அளக்காமல் எல்லாவற்றையும் மாற்றுபவர், தேய்ந்த பின்னை அப்படியே விட்டுவிட வாய்ப்பு அதிகம். புதிய கிளட்ச் போட்ட வண்டியிலும் அதே கரகரப்பு கேட்கும். இம்முறை பழி புதிய பாகத்தின் மேல் விழும். பழுது தீர்ந்ததா என்று பார்க்கவும் கடைசியில் அதே அளவுகோல்தான் வேண்டும்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ‘ஸ்லேவ் தண்டு எத்தனை மி.மீ. நகர்கிறது?’ அதற்கு எண்ணில் பதில் வராதவரை எஞ்சினைத் தூக்கச் சம்மதிக்காதீர்கள்.