வயது போனவர்களுக்கு ஏற்ற மடிக்கணினி எது?



"நானா, கடைக் கணக்குப் பார்க்க லெப்டொப் ஒன்று வாங்க வேண்டும். எது நல்லது?" முல்லைத்தீவில் வியாபாரம் செய்யும் சகோதரர்கள் சிலர் அண்மையில் என்னிடம் இப்படிக் கேட்டார்கள். ஐம்பது தாண்டிய, பாடசாலைப் படிப்போடு கடைக்கு வந்த எம்மைப் போன்றோருக்காகவே இதனை எழுதுகின்றேன்.

2019இல் நான் முதன்முதலாக ஒரு பாவித்த லெப்டொப் வாங்கினேன். விற்றவர் அதன் வேகத்தைப் பற்றியே பேசினார். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் எழுத்துகள் எறும்பு போலத் தெரிந்தன. கடைசியில் கணக்கு முழுவதையும் மகன்தான் பதிந்தான். யார் எவ்வளவு தர வேண்டும் என்று அறிய, அவன் வரும் வரை காத்திருந்தேன். சொந்தக் கடைக் கணக்கை அடுத்தவர் கண்ணால் பார்ப்பது சரிவராது. ஆகவே வேகத்தைப் பார்க்கு முன் உங்கள் கண்ணையும் கையையும் பாருங்கள்.

முதலாவது, திரை. 15.6 அங்குலத் திரை, அதுவும் பளபளப்பில்லாததாக இருந்தால் கடை வெளிச்சத்தில் கண் கூசாது. எழுத்து சிறிதென்றால் விண்டோஸ் அமைப்பில் 'ஸ்கேல்' என்பதை 125 அல்லது 150 வீதமாக்கலாம். விற்கும் இடத்திலேயே அப்படிச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இரண்டாவது, கீபோர்ட். வலப்பக்கம் கல்குலேட்டர் போல எண்கள் தனியாக உள்ளதை எடுங்கள். தனி மவுஸ் ஒன்றும் வாங்குங்கள். தமிழை யுனிகோட்டில் அடித்துப் பழகுங்கள். பாமினியில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாகத்தான் தெரியும்.

மூன்றாவது, உள்ளே இருப்பது. கணக்குக்கும் கடிதத்துக்கும் 8 ஜிபி ரெம், 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். பழைய ஹாட் டிஸ்க் உள்ளே சுழலும் தட்டு, விழுந்தால் பழுதாகலாம். எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் இல்லை, திறப்பதும் விரைவு.

நான்காவது, பாவித்தது வாங்குவோருக்கு. விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு உதவியை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். ஐ5 என்பதன் பின் 8250 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை. 4300 என்றிருந்தால் நான்காம் தலைமுறை. என் தலையில் கட்டப்பட்டது நான்காம் தலைமுறை. மலிவு என்று எண்ணியது நட்டமானது.

ஐந்தாவது, பற்றறி. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வயரைக் கழற்றி அரை மணி நேரமாவது ஓடவிட்டுப் பார்த்த பின் காசைக் கொடுங்கள்.

கொழும்பு யுனிட்டி பிளாசாவில் தெரிவு அதிகம்தான். ஆனால் பழுதானால் அங்கு கொண்டுபோகும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். வவுனியாவிலாவது திருத்தக்கூடிய ஆள் இருப்பது நல்லது. தவணைக்கு எடுப்போர் வட்டி உண்டா என்று முதலில் கேட்டறியுங்கள்.

கடைசியாக ஒன்று. வாரம் ஒருமுறை கணக்கைப் பென்ட்ரைவில் பிரதி எடுத்து, கடையில் அல்லாது வீட்டில் வையுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவின் கடனேட்டுக் கொப்பியும் கடையோடு போயிற்று. வர வேண்டிய காசை அவர் மறந்தார். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சரியாகத் தெரியாததே அவரைக் கடைசி வரை வருத்தியது. கடனை எழுதி வைக்கும்படி சூரா அல்பகரா 282ஆம் வசனம் எமக்குப் பணிக்கின்றது. எழுதியதை நாமே வாசிக்கவும் முடிய வேண்டும். அதற்கேற்ற கருவியை வாங்குவோம், இன்ஷா அல்லாஹ்.