லோரியின் கிளட்சும் ஒரு சிறு பேரிங்கும்

காலையில் வெட்டிச் சேர்த்த பால் கொட்டகையில் காத்திருக்கிறது. அதனை ஆலைக்கு ஏற்றிச் செல்லவேண்டிய லோரியோ பட்டறை வாசலில் அசையாது நிற்கிறது. அமோனியா கலந்து சற்று நேரம் காக்கலாம். உறைந்து கட்டியாகிவிட்ட பாலோ குறைந்த விலைக்குத்தான் போகும். இவ்வாறு லோரியை நிறுத்திவைக்கும் உறுப்புகளுள் ஒன்று, உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவினது. 'பைலட் பேரிங்' என்பது அதன் பெயர். கிளட்ச் மாற்றும் நாளில் மட்டுமே அது வெளிச்சத்தைக் காண்கிறது. அதனைப் பற்றிச் சில செய்திகளை இங்குக் காண்போம்.

எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கொண்டு செல்வது ஒரு தண்டு. அத்தண்டின் நுனி, எஞ்சினின் கிராங்க் தண்டின் பின்முனையில் உள்ள குழிக்குள் சென்று அமர்கிறது. சில வண்டிகளில் அக்குழி பிளைவீலின் நடுவே இருக்கும். அங்கே நுனியைத் தாங்கி நிற்பதுதான் பைலட் பேரிங். கிளட்ச் மிதியில் கால் படாத வேளையில் எஞ்சினும் தண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால் பேரிங்கிற்கு வேலையே இல்லை. கியர் போட்டவாறு மிதியை மிதித்து நிறுத்தும்போது எஞ்சின் சுழலும், தண்டு நிற்கும். அப்போதுதான் பேரிங் உழைக்கிறது.

ஆகவே, அது பழுதடைந்தால் அறிகுறியும் அவ்வேளையிலேயே தோன்றும். மிதியை இலேசாக அழுத்தியவுடனேயே கீச்சொலி எழுந்தால் ரிலீஸ் பேரிங்கை ஐயுறலாம். முழுவதும் மிதித்து, கியரும் போட்டு நிற்கையில் ஒலி எழுந்தால் பைலட் பேரிங்கை நோக்கவேண்டும். ஒலியைவிட அஞ்சத்தக்கது மற்றொன்று. பேரிங் இறுகிப் பிடித்துக்கொண்டால், மிதியை மிதித்திருந்தாலும் தண்டு எஞ்சினோடு சேர்ந்தே சுழல முற்படும். கியர் கரகரவென்று முரண்டு பிடிக்கும். லோரி தானாகவே நகரப் பார்க்கும். பால் நிறுக்குமிடத்தில் வாளிகளுடன் வரிசையில் நிற்போருக்கு எதிரே ஒரு லோரி தானாக நகர்வது எத்தகைய ஆபத்து என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இவ்வறிகுறியைக் கண்ட ஓட்டுநர், "இன்று ஒரு நாள் ஓட்டிவிடுவோம்" என்று எண்ணாமல், உடனே தெரிவித்து வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

கியர்பெட்டியை இறக்கிய பின்னர் பழைய பேரிங்கை வெளியே எடுப்பதில்தான் தொல்லை தொடங்குகிறது. குழியின் பின்புறம் அடைபட்டிருப்பதால் அப்பக்கமிருந்து தட்டித் தள்ள வழியில்லை. தோட்டப் பட்டறை ஒன்றுக்கு யான் சென்றிருந்தபோது, பயிற்சியிலிருந்த இளைஞர் ஒருவர் உளியை வைத்து ஓங்கி அடித்தார். பேரிங்கின் எஃகு மிகக் கடினமானது. அது வளையாது, தெறிக்கும். சிறு துண்டொன்று அவர் புருவத்தைக் கீறிச் சென்றது.

"உளியைக் கீழே வை, தம்பி. கண்ணு போனா பேரிங் மாதிரி மாத்த முடியுமா?" என்றார் மூத்த மெக்கானிக்.

"வேற எப்படி அண்ணே எடுக்கிறது?"

"கிரீஸ் எடுத்துட்டு வா, காட்டுறேன்."

அவர் காட்டிய முறை எளியது. முதலில், பேரிங்கைப் பூட்டி நிற்கும் வளையமோ தகடோ இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கழற்றினார். குழி நிறையக் கிரீஸை அடைத்தார். பேரிங்கின் துளைக்குள் இடைவெளியின்றிப் பொருந்தும் இரும்புக் கோல் ஒன்றை நுழைத்துச் சுத்தியலால் அடித்தார். கிரீஸ் ஒதுங்க இடமின்றிப் பேரிங்கைப் பின்னாலிருந்து தள்ளிற்று. மூன்று நான்கு முறை கிரீஸை நிரப்பி அடித்ததும் அது கையோடு வந்துவிட்டது.

இதில் மாயம் ஏதுமில்லை. அடைபட்ட பொருளில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் விளக்கிய விதியே இங்கு வேலை செய்கிறது. துளை 15 மில்லிமீட்டரும் வெளிவிட்டம் 35 மில்லிமீட்டரும் உள்ள பேரிங்கை எடுத்துக்கொள்வோம். கோலின் முனைப் பரப்பைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்டது பேரிங்கின் பின்பரப்பு. கோலில் விழும் விசையும் ஏறக்குறைய அம்மடங்காகப் பெருகிப் பேரிங்கைத் தள்ளுகிறது. பள்ளியில் படித்த பாடம் பட்டறையில் உயிர்பெறுவதைக் கண்டு, ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று!

குண்டுகளின் இடுக்கு வழியே கிரீஸ் பீறிட்டு வருமானால், நீரில் நனைத்த ரொட்டியையோ செய்தித்தாளையோ குழியில் திணித்து அடிப்பதுண்டு. கேட்போர் நகைப்பர், ஆயினும் வேலை நடக்கும். உள்ளே கொக்கிபோல் பிடித்து இழுக்கும் சறுக்குச் சுத்தியல் பட்டறையில் இருந்தால் அதுவே மேலானது. பேரிங் பிளைவீலில் அமைந்திருப்பின், பிளைவீலைக் கழற்றிப் பின்புறமிருந்து தட்டிவிடலாம். எரிவாயுச் சுடரால் காய்ச்சுவது மட்டும் வேண்டாம். அருகிலுள்ள எண்ணெய்த் தடுப்பு வளையம் கருகினால் எஞ்சின் எண்ணெய் கசிந்து புதுக் கிளட்சையும் கெடுத்துவிடும்.

வண்டியின் அடியில் புகுமுன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, உறுதியான முட்டுகளின்மீது வண்டியை நிறுத்தவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுத்தல் கூடாது. சுத்தியலை எடுக்குமுன் கண்ணாடி அணிதல் வேண்டும். கிளட்ச் தூசியைக் காற்றுக் குழாயால் ஊதுவதும் தவறு. பழைய கிளட்ச் தட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அத்தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயையும் விளைவிக்கக்கூடியது. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை. வேலையில் காயம் நேர்ந்தால், சிறிதாயினும் அன்றே நிருவாகத்திடம் பதிவு செய்யுங்கள். 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவிடம் உரிமை கோருவதற்கு அப்பதிவு துணை நிற்கும்.

புதிய பேரிங்கைப் பொருத்துமுன் குழியிலுள்ள கிரீஸ், ரொட்டித்துகள் யாவற்றையும் நன்றாகத் துடைத்துவிடவேண்டும். தட்டும்போது வெளிவளையத்தில் மட்டுமே அடி விழவேண்டும். உள்வளையத்தில் அடித்தால் குண்டுகள் ஓடும் பள்ளம் நசுங்கி, புதிய பேரிங்கே சத்தமிடத் தொடங்கும். கூடுதலாகக் கிரீஸ் பூசுவதும் நன்றன்று. அது சிதறிக் கிளட்ச் தட்டில் படிந்து வழுக்கும். தண்டின் நுனி தேய்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பழைய பேரிங் நன்றாகத்தானே சுழல்கிறது, அதையே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அதன் விலை சிறிது. அதற்காகக் கியர்பெட்டியை மறுபடியும் இறக்கும் உழைப்போ பெரிது. கிளட்சை மாற்றும்போதே அதனையும் மாற்றிவிடுவதுதான் கணக்குக்குப் பொருந்தும்.

கியர்பெட்டியை ஏற்றுகையில் அதன் பாரம் முழுவதும் தண்டின்மேல் தொங்கவிடாது, இணையும் வரை தாங்கிப் பிடித்திருத்தல் வேண்டும். பின்னர் சமதரையில், வண்டியின் முன்னும் பின்னும் எவரையும் நிற்கவிடாமல், மிதியை முழுவதும் மிதித்து முதற் கியரைப் போட்டுப் பாருங்கள். கியர் ஒலியின்றி விழுந்து, லோரியும் நின்ற இடத்திலேயே நிற்குமானால், பால் ஏற்றப் புறப்படலாம்.